ஊராட்சி அலுவலகம்: பழையதைச் சீர்செய்வதா, இடித்துக் கட்டுவதா, ஊருக்கு வெளியே போவதா?

பாலக்கோடு பக்கத்து ஊராட்சி ஒன்றிலிருந்து ஒரு முன்னாள் வார்டு உறுப்பினர் போன வாரம் போன் செய்தார். “அண்ணா, புது ஆபீஸ் கட்ட பணம் வரும்போல இருக்குது. ஏரிக்கு அந்தப் பக்கம் அரை ஏக்கர் காட்டுறாங்க. பழைய கட்டடத்தையே சரிபண்ணினா போதும்னு பாதி ஊரு சொல்லுது. இடிச்சிட்டு அதே எடத்துல மாடி போட்டுக் கட்டலாம்னு மீதிப் பேரு. நீங்க என்ன சொல்றீங்க?” என்றார். ஊத்தங்கரைப் பக்கமிருந்தும் தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்தும் இதே கேள்வி இதற்கு முன்பே எனக்கு வந்திருக்கிறது. தர்மபுரி மாவட்டத்தில் 251 ஊராட்சிகள், கிருஷ்ணகிரியில் 333. இவற்றில் ஏதாவது ஓர் ஊரில் எப்போதும் இந்தப் பேச்சு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

நான் பல வருடம் கட்டட சைட்டில் மேற்பார்வை பார்த்தவன், அதில் ஐந்தாறு ஊராட்சிக் கட்டடங்களும் உண்டு. கட்டி முடித்துச் சாவி கொடுத்துவிட்டு வந்தபின் சில வருடம் கழித்து அந்த வழியாகப் போகும்போது எட்டிப் பார்ப்பேன். சில கட்டடங்களில் திண்ணை நிறைய ஆள் உட்கார்ந்திருப்பார்கள். சிலதில் ஷட்டர் இறங்கியிருக்கும், வாசலில் யாரோ மல்லாக்கொட்டை காயப்போட்டிருப்பார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே வரைபடம், ஒரே சிமெண்ட், சில நேரம் ஒரே மேஸ்திரி. வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்து யோசித்துத்தான் கீழே எழுதியிருப்பதற்கு வந்து சேர்ந்தேன்.

## முதலில் எதை வைத்து எடைபோடுவது

“எவ்வளவு செலவாகும்” என்பதில்தான் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள். அதைக் கடைசியில் வையுங்கள். முதல் கேள்வி, அங்கே யார் நடந்து வருவார்கள், எந்தத் தெரு வழியாக வருவார்கள் என்பது.

இதைக் கொஞ்சம் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்து ஊர்களில் ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம் என்றுதான் இன்னமும் இருக்கிறது. அலுவலகம் ஊருக்குள் கோயில் தெருவில் இருந்தால், காலனியிலிருந்து வரும் ஒரு பெண் அந்தத் தெருவின் திண்ணைகளைத் தாண்டித்தான் வர வேண்டும். யாரும் தடுக்க மாட்டார்கள், சட்டப்படி தடுக்கவும் முடியாது. ஆனாலும் அவர் வருவதைத் தள்ளிப்போடுவார், அல்லது வீட்டுக்காரரை அனுப்புவார், அல்லது யாரிடமாவது சொல்லிவிடுவார். தலைவர் பதவியே பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில், தலைவரே நடந்து வர வேண்டிய தெரு அது. உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-ல் சட்டம் திருத்தினோம், சரி. அந்தப் பெண் கூட்டம் முடிந்து இருட்டிய பிறகு எந்த வழியாக வீடு திரும்புவார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டாமா? ஊருக்கும் காலனிக்கும் பொதுவான இடம், பஸ் நிறுத்தம், பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி இவற்றுக்குப் பக்கம் என்றால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது, காத்திருக்கும் இடம். ஊராட்சி அலுவலகத்தில் மக்கள் அதிகம் செய்யும் வேலை காத்திருப்பதுதான். செயலர் ஒன்றிய அலுவலகத்துக்குப் போயிருப்பார், நெட் வராது, கரண்ட் இருக்காது. வரைபடத்தில் தலைவர் அறை இருக்கும், செயலர் அறை இருக்கும், கூட்ட அறை இருக்கும். வந்தவர் உட்கார ஓர் இடம், குடிக்கத் தண்ணீர், பெண்கள் போகக் கழிப்பறை, இவை மட்டும் இருக்காது, அல்லது கழிப்பறைக்குத் தலைவர் அறைக்குள் புகுந்து போக வேண்டியிருக்கும். எந்தப் பெண் போவார்?

மூன்றாவது, படி. மழைத்தண்ணீர் ஏறக்கூடாது என்று அஸ்திவாரத்தை 2 அடி உயர்த்துவார்கள். சாய்வுப் பாதைக்கு 1-க்கு 12 என்பது விதி, அதாவது 1 அடி ஏற 12 அடி நீளம் வேண்டும். 2 அடிக்கு 24 அடி, அப்புறம் மேலே கதவுக்கு முன்னால் சக்கர நாற்காலி திரும்ப 5 அடி சதுரம். இவ்வளவு இடம் முன்னால் விட்டிருக்கிறோமா? பெரும்பாலும் விட்டிருக்க மாட்டோம். கடைசியில் 6 அடி நீளத்தில் செங்குத்தாக ஒரு சரிவைப் பூசிவிட்டு ‘ராம்ப் உண்டு’ என்று ஃபைலில் எழுதிவிடுகிறார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கேட்பது அதை அல்ல.

நான்காவது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு தடவை. மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லும். தரையில் சம்மணம் போட்டு உட்கார ஒருவருக்கு 7 சதுர அடி என்று வைத்தாலும் 200 பேருக்கு 1,400 சதுர அடி. அவ்வளவு பெரிய மூடிய மண்டபம் கட்டினால் வருடத்தில் ஆறு நாளுக்காகக் கட்டியதாகும், மீதி நாளெல்லாம் பூட்டு. கட்டாவிட்டால் மே 1 வெயிலில் மக்களை நிறுத்திவைப்போம். இதற்கு நடுவில் ஒரு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

ஐந்தாவது, பராமரிப்பு. கட்டப் பணம் தருகிறவர்கள் பல பேர். எம்.எல்.ஏ. தொகுதி நிதி வருடத்துக்கு 3 கோடி, எம்.பி. நிதி 5 கோடி, அது போக மாநிலத் திட்டங்கள். ஒழுகும் கூரையைச் சரிசெய்யவும் டியூப்லைட் மாற்றவும் யாரும் தர மாட்டார்கள். அது வீட்டு வரியிலிருந்தும் தண்ணீர்க் கட்டணத்திலிருந்தும்தான் வர வேண்டும். உங்கள் ஊராட்சியில் வருடத்துக்கு எவ்வளவு வரி உண்மையில் வசூலாகிறது என்று கேட்டு வைத்துக்கொண்டு கட்டடத்தின் அளவைப் பேசுங்கள்.

ஆறாவது நிலம். அதை ஒவ்வொரு வழியோடும் சேர்த்தே பார்ப்போம்.

## வழி 1: பழைய கட்டடத்தைச் சீர்செய்து, கொஞ்சம் நீட்டுவது

இதற்கு யாரும் கைதட்ட மாட்டார்கள். கல்வெட்டு வைக்க முடியாது, திறப்பு விழா பெரிதாக நடக்காது. அதனாலேயே நல்ல கட்டடங்கள் பல இடிபட்டிருக்கின்றன.

முதலில் கட்டடத்துக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூரையின் அடிப்பக்கம் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறதா, தெரிந்தால் எத்தனை இடத்தில்? சுத்தியலால் லேசாகத் தட்டிப் பாருங்கள், ‘டொக்கு டொக்கு’ என்று பொள்ளலாகக் கேட்டால் உள்ளே கம்பி துருப்பிடித்து கான்கிரீட்டைத் தள்ளிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஓரிரு இடம் என்றால் பெயர்த்துவிட்டு, கம்பியைச் சுத்தம் செய்து, பூசலாம். கூரை முழுக்க அப்படி என்றால் மேலே எவ்வளவு பூசினாலும் ஒரு நாள் யார் தலையிலாவது விழும், அந்தக் கட்டடத்துக்குச் செலவு செய்யாதீர்கள். சுவரில் விரிசல் இருந்தால் அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்ட் வைத்து ஒட்டி, ஒரு மழைக்காலம் விட்டுப் பாருங்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது. நம் பக்கம் பெரும்பாலும் செம்மண்ணும் பாறையும்தான், அஸ்திவாரம் இறங்குவது அபூர்வம். அதனால் சுவர் நன்றாகவே இருந்து கூரை மட்டும் கெட்டுப்போன கட்டடங்கள் நிறைய. ஒன்றியப் பொறியாளரின் கருத்தோடு, செட்டிக்கரையில் உள்ள அரசு பொறியியல் கல்லூரியின் சிவில் துறையிடமும் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம். மாணவர்களுக்கும் அது நல்ல பாடம்.

கட்டடம் நன்றாக இருந்தால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். முன்னால் 8 அடி அகலத்துக்குத் தாழ்வாரம், அதன் ஓரம் நெடுகத் திண்ணை. பக்கவாட்டில் கழிப்பறை, வெளியிலிருந்தே நுழையும்படி. ஒரு பக்கம் சாய்வுப் பாதை. மாடித் தளத்தில் நல்ல தட்டு ஓடு, அதுவும் வெள்ளை நிறத்தில். பங்குனி சித்திரையில் வெள்ளைத் தளத்துக்கும் கருத்துப்போன தளத்துக்கும் உள்ளே இருக்கும் வித்தியாசம் விசிறிக்கு அடியில் உட்கார்ந்தாலே தெரியும்.

நான் மேலே சொன்ன நடுவழி இதுதான்: மண்டபம் கட்டாதீர்கள், தாழ்வாரம் கட்டுங்கள். தாழ்வாரத்துக்கு முன்னால் 1,500 சதுர அடி சமதளமான வாசல், சுற்றி நான்கு வேம்போ புங்கனோ. தாழ்வாரம் மேடை, வாசல் அரங்கு. மரம் வளரும்வரை ஷாமியானா. ஆறு நாள் கிராம சபை, மற்ற நாளெல்லாம் மகளிர் குழுக் கூட்டம், மருத்துவ முகாம், பிள்ளைகள் விளையாட்டு. கூரை போட்ட இடம் சதுர அடிக்கு 2,000 ரூபாய்க்குக் குறைந்து எழும்புவதில்லை, மண்ணைச் சமப்படுத்தி மரம் வைப்பதற்கு அதில் ஒரு சிறு பங்குதான் ஆகும்.

மறைந்திருக்கும் செலவு: பழைய வேலையில் எஸ்டிமேட் சரியாக அமையாது. பூச்சைத் தட்டினால் உள்ளே வேறு கதை இருக்கும், அதற்கென்று ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கிவைக்க வேண்டும். வயரிங் முழுக்க மாற்ற வேண்டியிருக்கும். ஒப்பந்தக்காரர்களுக்கும் பழுதுவேலையில் ஆர்வமில்லை, சில்லறை வேலை என்பார்கள், அதனால் நல்ல மேஸ்திரியைப் பிடிப்பது கஷ்டம். இன்னொன்று, கட்டடம் தவறான இடத்தில் இருந்தால் அந்தத் தவறுக்கு இன்னும் முப்பது வருடம் ஆயுள் கொடுத்ததாகிவிடும். இதுதான் பெரிய செலவு.

## வழி 2: இடித்துவிட்டு அதே இடத்தில் புதிதாக

இடம் நல்ல இடம், கட்டடம்தான் செத்துவிட்டது என்றால் இதைத் தவிர வழியில்லை. யோசிக்கவே வேண்டாம்.

ஆனால் புதிதாகக் கட்டுகிறோம் என்றதும் வரும் சிக்கல், டைப் டிசைன். மேலிருந்து வரும் ஒரே வரைபடம். ஓசூர் குளிருக்கும் அரூர் வெயிலுக்கும் அதே ஜன்னல். ரோடு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் முகப்பைத் திருப்பிவிடுவார்கள், அது மேற்காக இருந்தால் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் செயலர் வெந்துவிடுவார். அறைகளின் அளவை மாற்ற முடியாவிட்டாலும், கட்டடத்தைத் திருப்பி வைப்பதற்கும் கழிப்பறையை எந்தப் பக்கம் வைப்பது என்பதற்கும் தொழில்நுட்ப அனுமதிக்கு முன்னால் பொறியாளரிடம் பேச முடியும். நான் பார்த்தவரை இப்படிப் போய்க் கேட்ட ஊர்கள் சில, கேட்ட இடத்தில் பெரும்பாலும் மாற்றிக் கொடுத்தார்கள். நீளவாக்கு கிழக்கு மேற்காக ஓடட்டும், ஜன்னல்கள் வடக்கிலும் தெற்கிலும் வரட்டும். மேற்குச் சுவர்ப் பக்கம் கழிப்பறை, பதிவேட்டு அறை, மாடிப்படி என்று ஆள் உட்காராத இடங்களைத் தள்ளுங்கள். இதற்கு ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லை.

மாடி வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இடமே இல்லை என்றால் வேறு விஷயம். மாடி போட்டால் மரியாதைக்குத் தலைவர் அறை மேலே போய்விடும், முட்டிவலிக்காரர்கள் கீழேயே நின்று “மேல இருக்காருங்களா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போவார்கள். லிஃப்ட் வைக்கப்போவதில்லை. மாடி கட்டியே ஆக வேண்டும் என்றால் தலைவரும் செயலரும் கீழே, பழைய பதிவேடுகளும் குடோனும் மேலே.

பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. கருங்கல் நம் ஊரில் கிடைக்கிற மாதிரி வேறெங்கும் கிடைப்பதில்லை. கிருஷ்ணகிரிக் கல்லை வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம், நம் அலுவலகத்துக்கு மட்டும் எங்கிருந்தோ வரும் டைல்ஸ் ஒட்டுகிறோம். அஸ்திவாரமும் ஜன்னல் அடிமட்டம் வரைக்குமான சுவரும் கருங்கல் கட்டாக இருந்தால் சாரல், உப்பு, கரையான் எதுவும் நெருங்காது, வருடா வருடம் பெயிண்ட் அடிக்கவும் வேண்டாம். திண்ணைக்குக் கற்பலகை போட்டால் மூன்று தலைமுறைக்கு இருக்கும். மேல்சுவருக்கு மேட்டூர் அனல்மின் நிலையச் சாம்பலில் செய்த ஃபிளை ஆஷ் கல் போதும்.

மறைந்திருக்கும் செலவு: கட்டுகிற ஒரு வருடமோ இரண்டு வருடமோ அலுவலகம் எங்கே நடக்கும்? வாடகை இடம், ஃபைல்களை அள்ளிக்கொண்டு போவது, அதில் தொலைவது. ஒரு ஊரில் வீட்டு வரிப் பதிவேடு இப்படித்தான் மழையில் நனைந்து ஒட்டிக்கொண்டது, மக்கள் பழைய ரசீதைத் தேடி அலைந்தார்கள். இடித்த கழிவை எங்கே கொட்டுவது என்பதும் எஸ்டிமேட்டில் வராது, கடைசியில் ஏரி வாய்க்காலில் கொட்டுவார்கள். பணம் பாதியில் நின்றால் பழையதும் போய்ப் புதியதும் இல்லாமல் நிற்போம். அதனால் முழு நிதிக்கும் நிர்வாக அனுமதி கையில் வரும்வரை பழைய சுவரில் ஒரு கல்லைக்கூட எடுக்க விடாதீர்கள்.

## வழி 3: ஊருக்கு வெளியே பெரிய வளாகம்

இதில் ஒரு நல்ல யோசனை ஒளிந்திருக்கிறது, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். மக்களுக்கு எந்த வேலைக்கு எந்த ஆபீஸ் என்று தெரிவதில்லை. வீட்டு வரி, குடிநீர் இணைப்பு, வீடு கட்ட அனுமதி எல்லாம் ஊராட்சியில். பட்டா, சாதிச் சான்றிதழுக்கான விசாரணை, பிறப்பு இறப்புப் பதிவு வி.ஏ.ஓ.விடம். ரேஷன் கடை வேறொரு தெருவில், அங்கன்வாடி இன்னொரு மூலையில், இ-சேவை பக்கத்து ஊரில். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வரும் ஓர் ஆள் மூன்று இடம் அலைகிறார். இவை எல்லாம் ஒரே வளாகத்தில் இருந்தால் அந்த ஒருநாளிலேயே வேலை முடியும், கைக்குழந்தையோடு வரும் பெண்ணுக்கும் அங்கன்வாடி பக்கத்திலேயே இருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே இதை லேசில் தள்ளிவிடக் கூடாது.

சிக்கல், அரை ஏக்கர் ஒரே இடத்தில் ஊருக்குள் கிடைப்பதில்லை என்பதால் வளாகம் என்றாலே ஒன்றரை இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் புறம்போக்குக்குப் போய்விடுகிறது. பைக் வைத்திருக்கும் ஆண்களுக்கு அது ஒரு தூரமே இல்லை. முதியோர் உதவித்தொகைக்காக வரும் பாட்டிக்கு அது போக வர மூன்று நாலு கிலோமீட்டர், சித்திரை வெயிலில். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ஜவளகிரிப் பக்கம் என்றால் யானையையும் கணக்கில் எடுக்க வேண்டும். ராகி அறுப்புக் காலத்தில் பொழுது சாய்ந்தால் ஊர் எல்லையைத் தாண்டி யாரும் நடப்பதில்லை, சாயங்காலக் கூட்டம் என்பதே அங்கே நடக்காது.

அப்புறம் நிலத்தின் வகை. நத்தம் புறம்போக்கு, அதாவது குடியிருப்புக்கென்று விட்ட அரசு நிலம் என்றால் பரவாயில்லை. ஏரி, ஓடை, குட்டைப் புறம்போக்கு என்றால் தொடவே கூடாது. இப்போது வறண்டிருக்கிறது என்று சொல்வார்கள், தண்ணீர் தன் வழியை மறக்காது, வழக்கு வந்தால் நீதிமன்றமும் விடாது. எனக்குப் போன் செய்தவரிடம் நான் முதலில் கேட்டது இதைத்தான்: ஏரிக்கு அந்தப் பக்கம் என்கிறீர்களே, நிலத்தின் வகையைக் குறித்து வைத்திருக்கும் அ-பதிவேட்டில் அந்தச் சர்வே எண் என்னவென்று இருக்கிறது? அவர் இன்னும் பார்க்கவில்லை. மேய்ச்சல் புறம்போக்கு என்றால் ஆடு மாடு வைத்திருக்கும் வீடுகளிடம் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள், நிலமில்லாதவர்களுக்கு அதுதான் நிலம்.

மறைந்திருக்கும் செலவு: இதில்தான் அதிகம். அணுகுசாலை, காம்பவுண்டுச் சுவர், தெருவிளக்கு, மின் கம்பம் இழுப்பது, தண்ணீர். போர் போட்டால் தண்ணீர் வரலாம், ஆனால் நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளோரைடு அதிகம் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை, அதற்காகத்தானே 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. அங்கன்வாடிக் குழந்தைகள் குடிக்கும் தண்ணீரைப் போரிலிருந்து கொடுக்க முடியாது, ஒகேனக்கல் குழாயை அங்கேவரை இழுக்க வேண்டும். இதெல்லாம் கட்டட எஸ்டிமேட்டில் இருக்காது. வளாகத்தில் நான்கு துறை இருந்தால் கரண்ட் பில் யார் கட்டுவது, கழிப்பறையை யார் கழுவுவது, கேட் சாவி யாரிடம் என்பது இன்னொரு தலைவலி. எழுத்தில் முடிவு செய்யாவிட்டால் ஆறே மாதத்தில் கழிப்பறைக்குப் பூட்டு விழும்.

## வழி 4: சிதறிக் கிடக்கும் ஊராட்சிகளுக்கு, ஒரே கட்டடம் வேண்டாம்

இதை யாரும் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டி மலைப்பக்கம் மாதிரி பல சிற்றூர்கள் சேர்ந்த ஊராட்சிகளில் அலுவலகத்தை எங்கே வைத்தாலும் பாதிப் பேருக்குத் தூரம்தான். அங்கே பெரிய அலுவலகத்துக்கான பணத்தில் தலைமைக் கிராமத்தில் சின்ன அலுவலகமும், மூன்று நான்கு சிற்றூர்களில் ஒவ்வோர் அறையும் தயார் செய்தால், செயலர் வாரத்தில் ஒருநாள் ஒவ்வோர் இடத்திலும் உட்காரலாம்.

அதற்கு அறை புதிதாகக் கட்டக்கூடத் தேவையில்லாமல் இருக்கலாம். ஊருக்கு ஒரு டி.வி. ரூம் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? வீட்டுக்கு வீடு இலவச டி.வி. வந்தபின் அவை வெறும் அறைகளாக நிற்கின்றன. 2006-க்கும் 2011-க்கும் இடையில் அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டிய நூலகங்களில் சிலவும் எங்கள் பக்கம் பூட்டித்தான் கிடக்கின்றன. நூலகத்தை நூலகமாகவே திறந்து, அதில் வாரம் ஒருநாள் ஊராட்சி மேசையையும் போட்டால் இரண்டுமே பிழைக்கும். எனக்கு இதில் ரொம்ப நம்பிக்கை உண்டு.

மறைந்திருக்கும் செலவு பணமல்ல, ஆள். செயலர் சொன்ன நாளில் சொன்ன இடத்துக்கு வர வேண்டும். இரண்டு வாரம் வராவிட்டால் மக்கள் மூன்றாவது வாரம் வர மாட்டார்கள், அறை மறுபடியும் டி.வி. ரூம் கதைதான். மழைக்காலத்தில் மலைப்பாதை, நெட் சிக்னல் இரண்டையும் யோசித்துத்தான் நாளைக் குறிக்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| எதைப் பார்ப்பது | 1. சீர்செய்து நீட்டல் | 2. அதே இடத்தில் புதிது | 3. வெளியே வளாகம் | 4. சின்ன அலுவலகம் + சிற்றூர் அறைகள் |
|---|---|---|---|---|
| நடை தூரம் | மாறாது | மாறாது | கூடும் | வெகுவாகக் குறையும் |
| காத்திருக்கும் இடம், கழிப்பறை | சேர்க்கலாம் | முதலிலேயே கேட்டால் கிடைக்கும் | தாராளம் | சிற்றூர்களில் குறைவு |
| சாய்வுப் பாதைக்கு இடம் | பல நேரம் இடிக்கும் | வரைபடத்தில் சேர்க்கலாம் | சிக்கலில்லை | அறைக்கு அறை மாறும் |
| கிராம சபை | வாசல் இருந்தால் நல்லது | அதேதான் | இடம் உண்டு, கூட்டம் வருமா? | சுழற்சியில் நடத்தலாம் |
| எஸ்டிமேட்டில் வராத செலவு | வயரிங், உள்ளே ஒளிந்த பழுது | தற்காலிக அலுவலகம், இடிகழிவு | சாலை, தண்ணீர், மின்சாரம், சுற்றுச்சுவர் | செயலரின் பயணம், நெட் |
| வருடப் பராமரிப்பு | குறைவு | நடுத்தரம் | அதிகம் | நடுத்தரம், சிதறியது |

## எந்த ஊருக்கு எது

கூரை பிழைக்கும், இடம் ஊருக்கும் காலனிக்கும் பொது என்றால் வழி 1. நம் மாவட்டங்களில் பல ஊராட்சிகளுக்கு இதுதான் பொருந்தும் என்பது என் எண்ணம், மிச்சப்படும் பணத்தில் தாழ்வாரத்தையும் கழிப்பறையையும் நன்றாகச் செய்யலாம். இடம் நல்லது, கூரை செத்தது என்றால் வழி 2. ஊருக்கு நடுவிலோ பஸ் போகும் ரோட்டோரமோ அரை ஏக்கர் உண்மையிலேயே கிடைத்தால், ஓசூரைச் சுற்றி வேகமாக வளரும் ஊராட்சிகள் மாதிரி மக்கள்தொகை கூடிக்கொண்டே போனால், வழி 3-க்குப் போங்கள், தாராளமாகப் போங்கள். மலையூர்களுக்கு வழி 4.

இருக்கும் கட்டடம் நல்ல நிலையில் இருந்தும் அது ஒரு சாதித் தெருவுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது என்றால்? அங்கே நான் இடத்தை மாற்றுங்கள் என்றுதான் சொல்வேன், செலவானாலும் சரி. பழைய கட்டடம் நூலகமாகட்டும், மகளிர் குழுவுக்குப் போகட்டும். அலுவலகம் எல்லாரும் ஒரே மாதிரி நடந்து வரும் இடத்தில் இருக்க வேண்டும்.

பாலக்கோட்டுக்காரர் தன் ஊர்க் கட்டடத்தின் போட்டோக்களை அனுப்பியிருந்தார். முன்பக்கக் கூரையில் இரண்டு இடம் மட்டும் காரை பெயர்ந்திருக்கிறது, பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கிறது, முன்னால் ஒரு பெரிய புளியமரம். வழி 1 என்று சொன்னேன். புளியமரத்தை வெட்டாமல் தாழ்வாரம் போட முடியுமா என்று கேட்டார். முடியும், தாழ்வாரத்தை 6 அடியாகக் குறைத்தால் போதும், மரம் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

## எதைத் தேர்ந்தாலும் விடக்கூடாத சில

மழைநீர்: 1,000 சதுர அடி கூரையில், வருடத்துக்கு 800 மி.மீ. மழை என்று வைத்தால் 74,000 லிட்டர் விழுகிறது. ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் கிட்டத்தட்ட 60,000 லிட்டர், ஃப்ளோரைடு இல்லாத தண்ணீர். வெறும் குழி தோண்டி ஜல்லி கொட்டாமல் ஒரு தொட்டியில் பிடியுங்கள். 15வது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போட்டிருந்தார்கள், அந்த மாதிரித் தலைப்பில் வரும் நிதியில் தொட்டியையும் கழிப்பறையையும் செய்ய வழியுண்டா என்று ஒன்றிய அலுவலகத்தில் கேளுங்கள்.

பெயர்ப்பலகையும் அறிவிப்பும்: ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற வீடுகள் நிறைய. தமிழோடு அந்த மொழியிலும் எழுதி வையுங்கள். செயலர் வராத நாளை எழுத வாசலில் ஒரு கரும்பலகை, அதற்கு 500 ரூபாய்கூட ஆகாது.

மேசை: வந்தவர் நிற்க, அலுவலர் உட்கார என்று உயரமான கவுண்ட்டர் போடாதீர்கள். இரண்டேகால், இரண்டரை அடி உயரத்தில் சாதாரண மேசை, இரண்டு பக்கமும் நாற்காலி.

கடைசியாக, வரைபடத்தைக் காகிதத்தில் காட்டினால் ஊரில் பத்துப் பேருக்குத்தான் புரியும். தொழில்நுட்ப அனுமதிக்கு அனுப்பும் முன்னால், கட்டப்போகும் இடத்திலேயே சுண்ணாம்புத் தூளால் நிஜ அளவில் கோடு போடுங்கள். இது கதவு, இது திண்ணை, இது கழிப்பறை என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போனவர்கள் ஊரில் இருக்கும் நாளாகப் பார்த்து எல்லாரையும் கூப்பிட்டு அதற்குள் நடக்க வையுங்கள். காரிமங்கலம் பக்கம் ஒரு முறை இப்படிச் செய்தபோது ஒரு பாட்டி கழிப்பறைக் கோட்டருகே நின்று, “கதவு ரோட்டப் பாத்து இருக்குதே சாமி, பொம்பளைங்க எப்படி வருவாங்க?” என்று கேட்டார். வரைந்தவர், சரிபார்த்தவர், நான், யாருக்கும் அது தோன்றவில்லை. அங்கேயே கோட்டை அழித்துக் கிழக்குப் பக்கம் போட்டோம். இப்படி வரும் மாற்றங்களை அன்றைக்கே எழுதி அடுத்த கிராம சபைத் தீர்மானத்தில் சேர்த்துவிடுங்கள், அனுமதி வந்தபின் கதவை நகர்த்த யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.